கொள்ளைநோயும் நீச்சல் தடாகங்களும்

ஓர் ஊரிலே கொள்ளைநோய் பரவத் தொடங்கினால் நகரசபையார் முதலிற் பூட்டுப்போடும் இடங்களுள் நீச்சல் தடாகமும் ஒன்று. பூட்டுவதற்கு ஒரு தீர்மானமும் ஒரு சங்கிலியும் போதும். அதே கதவை மீண்டும் திறப்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்பதை ஆராய்ந்தால், கடந்த நூறாண்டு மருத்துவ வரலாற்றின் பெரும் பகுதியொன்று நம் கண்முன் விரியக் காணலாம். 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது நகராட்சியினர் பலர் இக்கேள்வியைப் புதிதாக எழுந்ததொன்றெனக் கருதித் தடுமாறினர். உண்மையில் அது பழைய கேள்வி. ஐக்கிய அமெரிக்க நாட்டு மக்கள் 1916ஆம் ஆண்டு தொடக்கம் 1955ஆம் ஆண்டு வரை, கோடை வந்த போதெல்லாம் அதனைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களை அவ்வாறு கேட்கவைத்த நோய் இளம்பிள்ளைவாதம். போலியோ என்று சொன்னால் உங்களுட் பலருக்கு விளங்கும். இலங்கையிலே 1993ஆம் ஆண்டுக்குப் பின் அந்நோய் காணப்படவில்லை; ஆதலின் இன்றைய இளந்தலைமுறையினர்க்கு அதன் கொடுமை தெரியாதிருப்பது வியப்பன்று.

முதலில் தடாகங்களின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நோய்க்கு அஞ்சி மூடப்பட்ட இந்தப் பொதுத் தடாகங்கள், நோய்க்கு அஞ்சியே முதலிற் கட்டப்பட்டன. 1832ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே வாந்திபேதி பரவிற்று. அங்கே கிற்றி வில்கின்சன் என்னும் ஏழைப் பெண்ணின் வீட்டிலே வெந்நீர்க் கொப்பரை ஒன்று இருந்தது. அயலிலுள்ள நோயாளரின் உடைகளையும் படுக்கை விரிப்புக்களையும் அவர் தம் வீட்டுக்கு எடுத்து அவித்துத் துவைத்துக் கொடுத்தார். அந்தச் சிறு தொண்டின் பயனாக 1842ஆம் ஆண்டு அந்நகரிலே பொதுக் குளியலறைகளும் சலவையறைகளும் ஒருங்கே அமைந்த கட்டடம் எழுந்தது. 1846இற் பிரித்தானிய பாராளுமன்றம் நகரசபைகள் இத்தகைய நிலையங்களை அமைப்பதற்குச் சட்டமும் இயற்றிற்று. அமெரிக்காவிலே மாசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புறூக்லைன் நகரம் 1897ஆம் ஆண்டு முதல்நாளன்று தனது உள்ளரங்கத் தடாகத்தைத் திறந்தது.

அக்காலத்துத் தடாகத்து நீர் எப்படிப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ நீரை மாற்றுவார்கள், அவ்வளவே. இங்கிலாந்தின் பல குளியலகங்களிலே புதுநீர் நிரப்பிய நாளிற் கட்டணம் கூட. நாளாக நாளாக நீர் கலங்கும், கட்டணமும் குறையும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கடைசி நாளிற் குளித்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ! 1908ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநிலத்து ஜேர்சி நகரின் குடிநீருக்குக் குளோரீன் சேர்க்கத் தொடங்கினர். 1910ஆம் ஆண்டளவிலே பிறவுண் பல்கலைக்கழகத்தின் தடாகத்தில் அம்முறை பரீட்சிக்கப்பட்டது. பின்னர் அது மெல்ல மெல்லப் பரவிற்றாயினும், எல்லா ஊர்த் தடாகங்களுக்கும் வந்துசேரப் பல ஆண்டுகள் சென்றன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனி 1916ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு யூன் மாதத்தில் நியூயோர்க் மாநகரின் புறூக்லின் பகுதியிலே சிறு குழந்தைகள் சிலர் காய்ச்சலுற்றுக் கைகால் தளர்ந்து கிடந்தனர். கோடை முடிவதற்குள் அம்மாநகரில் மட்டும் ஏறத்தாழ 9,000 பேரை நோய் பற்றிற்று. அவருள் ஏறத்தாழ 2,400 பேர் மாண்டனர். நாடு முழுவதும் நோயுற்றோர் தொகை 27,000, இறந்தோர் 6,000. பெரும்பாலார் ஐந்து வயது நிரம்பாத பாலகர். சுகாதாரப் பகுதியினர் திகைத்தனர். பதினாறு வயதுக்குட்பட்டோர் படமாளிகைக்குட் செல்லலாகாது என்றனர். அத்தாட்சிப் பத்திரமின்றிச் சிறுவர் நகரைவிட்டு வெளியேறலாகாது என்றனர். பாடசாலைகள் திறப்பதைப் பிற்போட்டனர். பூனைகளே நோயைக் காவுகின்றன என்று எவரோ சொல்ல, ஆயிரக்கணக்கான பூனைகள் கொல்லப்பட்டன. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஏழைகளின் சேரிகளே நோயின் ஊற்று என்று பழியும் சுமத்தினர். அறியாமையும் அச்சமும் சேருமிடத்திலே எளியவனே முதலிற் குற்றவாளியாகின்றான். ஆனால் அவ்வாண்டு நோய் வசதி படைத்தோர் வாழும் தூய்மையான புறநகர்களையும் விட்டுவைக்கவில்லை என்பது பழிசுமத்தியோர்க்கு விளங்காத புதிராயிருந்தது.

அப்புதிருக்கு விடை பிற்காலத்தே கிடைத்தது. இந்நோயின் வைரஸ் வாய்வழியாகப் புகுந்து, குடலிலே பெருகி, மலத்துடன் வெளியேறுவது. தொற்றியவருட் பெரும்பாலார்க்கு ஓர் அறிகுறியும் தோன்றுவதில்லை. ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவரே முடமாகின்றார். சுகாதார வசதி குறைந்த பழைய காலத்திலே குழந்தைகள் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும்போதே இதனால் தொற்றப்பட்டுத் தீங்கின்றித் தப்பினர். கழிவுநீர்க் கால்வாய்களும் தூய குடிநீரும் வந்தபின் தொற்றும் பருவம் பிற்பட்டது. காக்கும் ஆற்றல் தேய்ந்தபின் நோய் வந்து சேர்ந்தது. தூய்மையின் பயனாகவே ஒரு கொள்ளைநோய் தோன்றியது என்பது விந்தையான உண்மை.

ஆனால் 1916இல் இதனை அறிந்தவர் இலர். வியன்னா நகரிலே காள் லான்ட்ஸ்ரைனரும் ஏர்வின் பொப்பரும் 1908ஆம் ஆண்டு நோய்க்குக் காரணம் வைரஸ் என்று காட்டியிருந்தனர். சுவீடனிலே ஈவார் விக்மன் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை ஊரூராக ஆராய்ந்து, நோயாளர் போலத் தோன்றாதவர்களும் நோயைப் பரப்புகின்றனர் என்று எடுத்துக்கூறியிருந்தார். இவர் சொல்லை உலகம் கூர்ந்து கேட்டிருந்தால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும் என்பது என் துணிபு. கேட்கப்பட்டது நியூயோர்க் ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் சைமன் பிளெக்ஸ்னரின் சொல். அவர் இந்தியாவிலிருந்து வந்த ரீசஸ் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார். அந்த இனத்துக் குரங்கை வாய்வழியாகத் தொற்றச்செய்தல் அரிது. மூக்கின் வழியே செலுத்தினால் நோய் எளிதில் உண்டாகும். ஆகவே மனிதருக்கும் மூக்கே வாயில் என்று முடிவுகட்டினார். அந்த முடிவு ஏறத்தாழ முப்பதாண்டு மருத்துவ உலகை ஆண்டது. 1937ஆம் ஆண்டு கனடாவின் ரொறொன்ரோ நகரிலே பிள்ளைகளின் மூக்கினுள் நாகசல்பேற்றுக் கரைசலைத் தெளித்தனர். நோய் தடைப்படவில்லை, சில பிள்ளைகள் மணமறியும் புலனை இழந்ததுதான் மிச்சம்.

மூக்கே வாயில் என்றால் ஒருவர் மூச்சுக்காற்று மற்றொருவர்மேற் படும் கூட்டங்கள் யாவும் ஆபத்தானவை. கூட்டங்களுள்ளும், ஈரமான பிள்ளைகள் முகத்தோடு முகம் உரசி ஆர்ப்பரிக்கும் நீச்சல் தடாகம் மிக ஆபத்தானதாகத் தோன்றிற்று. நோய் பெருகுவதும் கோடையில். பிள்ளைகள் நீந்துவதும் கோடையில். இவ்விரண்டையும் தாய்மார் மனம் ஒன்றாகவே முடிந்துவைத்தது. அதனால் எங்கேனும் பத்துப் பிள்ளைகள் நோயுற்றனர் என்ற செய்தி வந்ததும் தடாகத்துக் கதவிலே அறிவித்தல் தொங்கிற்று.

இங்கேதான் வரலாற்றின் நுட்பமான கண்ணி ஒன்று இருக்கிறது. இளம்பிள்ளைவாதம் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் உச்சத்தை அடைந்து, இலையுதிர் காலத்தின் குளிர் தொடங்கியதும் தானாகவே தணிவது இயல்பு. ஓகஸ்டிலே தடாகத்தை மூடினார்கள்; அடுத்த சில கிழமைகளில் நோய் குறைந்தது. மூடியமையாற் குறைந்ததென மக்கள் நம்பினர். மூடாத அயலூரிலும் அதே காலத்திற் குறைந்ததை எவர் ஒப்பிட்டுப் பார்த்தார்? அன்றியும், நோய் தணிந்தபோது நீந்தும் பருவமும் கழிந்துவிடும். ஆகவே திறக்கலாமா என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. அடுத்த கோடை வரும், திறப்பார்கள், மீண்டும் அச்சம் வரும், மூடுவார்கள். மருந்தின் பயனை ஒருமுறையும் சோதித்துப் பார்க்காமல் நாற்பதாண்டு அதனையே புகட்டிவந்த மருத்துவனின் கதை போன்றது இது.

மூடியவர்களிடத்தே நியாயமே இருக்கவில்லையோ எனின், இருந்தது. குளோரீன் காணாத தடாகங்கள் அக்காலத்தில் எத்தனையோ இருந்தன. மலத்தின்வழி பரவும் நோய் அந்த நீரில் பரவியிருக்கக்கூடும். வேறொரு நியாயமும் உண்டு. ஒக்ஸ்பேர்ட் நகர மருத்துவர் றிச்சி றசல் 1940களின் இறுதியில் நோயாளர் பலரின் வரலாறுகளை ஆராய்ந்தார். காய்ச்சல் தொடங்கியபின், முடம் தோன்றுமுன் உள்ள ஓரிரு நாளிலே கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கு வாதம் கடுமையாய் அமைந்தது என்று கண்டார். களைக்கும்வரை நீந்தவிடாதே என்ற தாய்மார் எச்சரிக்கை முழுவதும் மூடநம்பிக்கையன்று. ஆயினும் தடாகம் பூட்டப்பட்டதும் நகரத்துச் சிறுவர் எங்கே போனார்கள்? ஓடைக்கும் ஆற்றுக்கும் போனார்கள். அந்த ஆறுகளிலேதான் நகரத்துக் கழிவுநீர் கலந்தது! யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் போலும் ஜேம்ஸ் றாஸ்கும் 1939ஆம் ஆண்டிலே கழிவுநீரில் இந்த வைரஸ் இருப்பதைக் காட்டினார்கள். குளோரீன் இட்ட நீரிலிருந்து பிள்ளையைத் தடுத்துக் கழிவு கலந்த நீருக்கு அனுப்பிய பூட்டுகள் எத்தனையோ!

நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பிலே மற்றொரு முகத்தையும் காட்டியாகவேண்டும். பிராங்ளின் றூஸ்வெல்ற் 1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கனடாவின் கம்போபெலோ தீவிலே குளிர்ந்த நீரில் நீந்திவிட்டு வந்தார். அன்று மாலை குளிர்காய்ச்சல் கண்டது. சில நாளிற் கால்கள் இரண்டும் சோர்ந்தன. அப்போது அவருக்கு வயது 39. அவருக்கு வந்தது வேறொரு நரம்புநோயாயிருக்கலாம் என்று 2003ஆம் ஆண்டிலே மருத்துவ ஆய்வாளர் சிலர் வாதித்தனர், அது நிற்க. குளிர்நீரே அவரை வீழ்த்தியது என்று பொதுமக்கள் எண்ணினர். ஆனால் அவரோ நீரையே நாடினார். 1924ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊருக்குச் சென்றார். ஆங்குள்ள ஊற்றுநீர் எக்காலமும் 88 பாகை பாரன்ஹைட் வெப்பமுடையது. நிலத்திலே ஓரடி எடுத்துவைக்க மாட்டாத கால்கள் அந்நீரிலே அசைந்தன. 1926இல் அவ்விடத்தை விலைகொடுத்து வாங்கினார். நோயுற்ற பிறரும் அங்கு வந்து நீந்தினர். 1933இல் அவர் ஜனாதிபதியானதும், நியூயோர்க் பத்திரிகையொன்று மக்களிடம் நிதி திரட்டி வெள்ளை மாளிகையிலேயே அவருக்கொரு தடாகம் அமைத்துக் கொடுத்தது. 1970இல் அதன்மேற் தளமிட்டுச் செய்தியாளர்களுக்கான அறையாக்கினர். நாடெங்கும் தடாகங்களை மூடச்செய்த நோயினாலேயே நாட்டின் தலைவரது மாளிகையில் ஒரு தடாகம் திறக்கப்பட்டது!

1940களில் நோய் முன்னையிலும் மூர்க்கமாயிற்று. 1946இல் மினசோட்டா மாநிலத்துப் பெருஞ்சந்தை நிறுத்தப்பட்டது. 1945இல் இலினோய் மாநிலத்து றொக்போர்ட் நகரின்மேல் விமானத்திலிருந்து டி.டி.ரி. மருந்து தூவப்பட்டது, ஈக்களை ஒழித்தால் நோய் ஒழியும் என்பது எண்ணம். ஈக்கள் ஒழிந்தன, நோய் ஒழியவில்லை. ரெக்சாஸ் மாநிலத்திலே ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்த சான் அஞ்சலோ நகரின் கதை மிகவும் துயரமானது. 1949ஆம் ஆண்டு மே மாதத்திலே அங்கு நோய் தொடங்கியதும் தடாகங்கள் மூடப்பட்டன, படமாளிகைகள் மூடப்பட்டன, தெருக்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. கைகுலுக்குவதற்கும் மக்கள் அஞ்சினர். இவ்வளவும் செய்தும் 420 பேர் நோயுற்றனர். 28 பேர் இறந்தனர். முடமான ஒரு பிள்ளைக்குப் பின்னால் நோயின் அறிகுறியின்றி அதனைச் சுமந்து திரிந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோர் இருந்தனரல்லவா? வாசற்கதவு பூட்டப்பட்ட வேளையில் விருந்தாளி எப்பொழுதோ வீட்டினுள் வந்து அமர்ந்துவிட்டான்.

திறந்த தடாகத்தில் ஆபத்துண்டா இல்லையா என்பதை நிச்சயிப்பதற்கு ஏன் இத்துணைக் காலம் சென்றது என்று நீங்கள் கேட்கலாம். குளோரீன் இட்ட நீரில் வைரஸ் உயிருடன் இருக்கின்றதா என்று பார்க்க, அந்நீரை விலங்கொன்றின் உடலிற் செலுத்திக் கிழமைக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கேள்விக்கு ஒரு குரங்கின் உயிர். வைரசின் ஒரு வகையைச் சுண்டெலிகளுக்குப் பழக்கியபின் 1940களில் இவ்வாய்வு சற்று எளிதாயிற்று. தகுந்த அளவு குளோரீன் இருந்து, நீரிலே வேறு அழுக்கு மிகாதிருந்தால் வைரஸ் செயலிழக்கின்றது என்று தெரியவந்தது. 1949ஆம் ஆண்டிலே போஸ்ரன் நகரில் ஜோன் எண்டர்ஸ், தோமஸ் வெல்லர், பிறெடரிக் றொபின்ஸ் என்னும் மூவர், நரம்பல்லாத இழையத்திலும் வைரசைக் கண்ணாடிக் குழாயினுள் வளர்த்துக் காட்டினார்கள். இதற்காக 1954ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குரங்கு செய்த வேலையைக் கண்ணாடிக் குழாய் செய்யத் தொடங்கிய நாளே இந்நோயின் முடிவு தொடங்கிய நாள் எனலாம்.

1952ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேரை நோய் பற்றிற்று. 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1954இல் ஜோனாஸ் சோக் என்பாரின் தடுப்பூசி ஏறத்தாழ 18 இலட்சம் பிள்ளைகள் பங்குகொண்ட பரிசோதனைக்கு உட்பட்டது. 1955 ஏப்பிரல் 12ஆந் திகதி, றூஸ்வெல்ற் இறந்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாளிலே, அத்தடுப்பூசி தீங்கற்றது, பயனுடையது என்று மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில் அறிவிக்கப்பட்டது. ஆலய மணிகள் ஒலித்தன. தயாரிப்புத் தவறொன்றினால் அவ்வாண்டே ஒரு நிறுவனத்தின் ஊசிமருந்து பலரை நோயாளராக்கிற்று. ஆயினும் தவறு திருத்தப்பட்டுப் பணி தொடர்ந்தது. 1962ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நோயுற்றோர் ஆயிரம் பேருக்கும் குறைவு. தடாகத்துக் கதவுகளைத் திறந்தது நகரசபையின் தீர்மானமன்று, அந்த ஊசியே.

எல்லாக் கதவுகளும் திறந்தனவா? இல்லை. நோயச்சத்தைத் தங்கள் வெறுப்புக்குத் திரையாக்கியவர்களும் இருந்தனர். 1931ஆம் ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரிலே புதிய தடாகமொன்று திறக்கப்பட்டபோது, கறுப்பின மக்களிடம் மட்டும் சுகாதார அத்தாட்சி கேட்கப்பட்டது. வெள்ளையரிடம் எவரும் கேட்கவில்லை. பின்னர் நீதிமன்றங்கள் இனவேறுபாட்டைத் தடுத்தபோது, எல்லாரும் ஒன்றாக நீந்துவதைக் காட்டிலும் எவரும் நீந்தாதிருத்தல் நன்று என்று சில நகரங்கள் முடிவுசெய்தன. அலபாமா மாநிலத்து மொன்கொமரி 1959இல் தன் பூங்காக்களை எல்லாம் மூடிற்று. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் 1963இல் தனக்குரிய நான்கு தடாகங்களை மூடிற்று. அது சட்டத்துக்கு மாறானதன்று என்று உயர்நீதிமன்றம் 1971இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையாற் தீர்ப்பளித்தது. வைரஸ் பூட்டிய பூட்டுக்கு மருந்து கிடைத்தது. இந்தப் பூட்டுக்கு ஊசி கண்டுபிடிப்பார் இலர்.

2020ஆம் ஆண்டிலே கொரோனா வந்தபோது நிலைமை பெரிதும் மாறியிருந்தது. கிருமி இன்னதென்று சில கிழமைகளில் அறியப்பட்டது. தடாகத்து நீரின்வழி அது பரவியதாகச் சான்று இல்லை என்று அமெரிக்கச் சுகாதார அதிகாரிகள் தொடக்கத்திலேயே சொன்னார்கள். ஆபத்து நீரில் இல்லை. உடைமாற்றும் அறையில், வரிசையில், கரையில் நெருங்கி நின்று பேசும் பேச்சில் இருந்தது. 1916இல் மூக்கைப் பற்றிச் சொன்ன பிழையான கருத்து, வேறொரு நோய்க்குப் பொருத்தமாகி வந்து நின்றது பாருங்கள்! நியூயோர்க் மாநகரம் தனது ஐம்பதுக்கு மேற்பட்ட திறந்தவெளித் தடாகங்களை அக்கோடை முழுவதும் மூடிவைப்பதென முதலில் அறிவித்தது. வெயில் கொளுத்தவே, காற்றோட்டமற்ற சிறு வீடுகளில் அடைந்துகிடந்த ஏழைக் குடும்பங்களை எண்ணி மனம்மாறி, யூலை இறுதியிலும் ஓகஸ்ட் தொடக்கத்திலுமாகப் பதினைந்து தடாகங்களைத் திறந்தது. பணமுள்ளவருக்குக் கடற்கரை வீடுண்டு. சேரிச் சிறுவனுக்கு நகரசபையின் தடாகமே கடல்.

இங்கிலாந்திலே திறந்தவெளித் தடாகங்கள் 2020 யூலை 11ஆந் திகதியும், உள்ளரங்கத் தடாகங்கள் யூலை 25ஆந் திகதியும் திறக்க அனுமதி பெற்றன. நீந்துவோர் தொகைக்கு எல்லை விதித்தனர்; வீட்டிலேயே நீச்சலுடை அணிந்து வரச்சொன்னார்கள். மாரியிலே நோய் மீண்டும் பெருகவே மறுபடியும் மூடினர். உள்ளரங்கத் தடாகங்கள் மீண்டும் திறந்தது 2021 ஏப்பிரல் 12ஆந் திகதி. சோக் தடுப்பூசி அறிவிக்கப்பட்ட அதே ஏப்பிரல் 12. அந்நாட்களிலேயே இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர் தம் பரிசோதனை முடிவை வெளியிட்டனர். இலீற்றர் ஒன்றுக்கு 1.5 மில்லிகிராம் குளோரீன் உடைய தடாகத்து நீரிலே, அமிலத்தன்மை உரிய அளவில் இருப்பின், கொரோனா வைரசின் தொற்றும் ஆற்றல் 30 செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்துவிடுகின்றது. அன்று காலை கதவு திறந்ததும் நீரிற் குதித்தவர்களுட் பலர் அச்செய்தியைப் படித்திருக்கமாட்டார்கள். அவர்கள் ஓராண்டாகக் காத்திருந்தது நீந்துவதற்கு.